அலமாரிக்குள் தலையை விட்டவள்

தூத்துக்குடியில் மத்தியானம் புருஷனுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்கள் எத்தனையோ பேர். சோற்றைக் கொடுத்துவிட்டு, அலமாரிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறவள் சந்தனச்செல்வி ஒருத்திதான். மூன்று வருஷமாக இதைச் செய்கிறாள். புருஷனின் முதலாளி பிச்சையா அண்ணாச்சிக்கு இது தெரியாது. அண்ணாச்சி கடையில் கட்டிலும் அலமாரியும் வாங்கிப்போன ஒரு வீட்டுக்கும் தெரியாது.

அவள் புருஷன் சுடலைராஜ் பாலிஷ் வேலைக்காரன். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டி அண்ணாச்சிக்கு ஒரு மரச்சாமான் கிட்டங்கி இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் தகர ஷெட். அந்த ஷெட்டில்தான் உப்புத்தாள் தேய்ப்பது, வார்னிஷ் அடிப்பது, காயவிடுவது எல்லாம். வார்னிஷ் வாடை போவதற்குக் காற்று வேண்டும். ஆனால் மேற்குப்பக்க ஷட்டரைத் தூக்கினால் நிலக்கரி லாரிகள் கிளப்புகிற கரித்தூள் வந்து ஈர வார்னிஷில் அப்பிக்கொள்ளும். கிழக்குப்பக்கம் திறந்தால் கடலின் ஈரக்காற்று வந்து காயவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடுவதுதான் சுடலைராஜின் பிழைப்பு.

மற்ற கடைக்காரர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மேலே தொட்டால் கையில் ஒட்டவில்லையென்றால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வாங்கினவன் ஒரு மாதம் தலைவலியோடு படுத்து எழுந்திருப்பான். பிச்சையா அண்ணாச்சி அப்படியில்லை. "நம்ம கடை சாமான் வீட்டுக்குள்ள போனா மரம் போனமாரி இருக்கணும், பெயிண்டு டப்பா போனமாரி இருக்கக்கூடாது" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே வியாபாரத்தைப் பெருக்கியவர். சொன்னது அண்ணாச்சி, செய்தது சுடலைராஜ்.

இழுப்பறைகளை எல்லாம் உருவி வெளியே வைப்பான். கதவுகளை விரியத் திறந்துவைத்து, தரையில் ஒரு மேசைவிசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவான். நன்றாகக் காய்ந்தபிறகு வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடைப்பான். உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைப்பான். பிறகு ஒவ்வொரு தட்டிலும் ஒரு மண்சட்டியில் அடுப்புக்கரியை உடைத்துப்போட்டு வைப்பான். வெயிலில் மட்டும் போடமாட்டான், வார்னிஷ் கொப்பளித்துவிடும். சாம்பிராணியும் போடமாட்டான். அது வாடையைப் போக்குவதில்லை, ஒளித்துவைக்கிறது என்பது அவன் கட்சி.

கடைசியில்தான் பரீட்சை. கரிச்சட்டிகளை எடுத்துவிட்டு அலமாரியை இறுக மூடி ஒருநாள் முழுக்க வைத்திருந்து, மறுநாள் தகரம் காய்கிற உச்சிவேளையில் திறந்து, உடனே தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கவேண்டும். ஒளிந்திருக்கிற வாடை அந்த நேரத்தில் தப்பாமல் வந்துவிடும். வராவிட்டால் அலமாரியின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். கோடு இல்லாத சாமானை அண்ணாச்சி வண்டியில் ஏற்றவிடமாட்டார்.

அந்தக் கோட்டைப் போடுகிறவனுக்குத்தான் மூக்கு போயிற்று.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது பலருக்கும் போனதுபோல அவனுக்கும் போயிற்று. மற்றவர்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பிவந்தது. அவனுக்கு வரவில்லை. ஒருநாள் சந்தனச்செல்வி அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருக்கிறாள், தெருவே மணக்கிறது. இவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னளா கொழம்பு?" என்று கேட்கிறான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வெளிய சொல்லிராத. மூக்கு இல்லாத பாலிஷ்காரன எவன் வச்சிக்கிடுவான்?" என்று சொல்லிவிட்டு அழுதான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதைச் சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு என்று சந்தனச்செல்வி பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுவாரம் அவள் தூக்குவாளியோடு ஷெட்டுக்குப் போனபோது, சுடலைராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏளா, அந்த அலமாரிக்குள்ள கொஞ்சம் தலைய விட்டுப் பாரேன்" என்றான். அவளும் விட்டாள். அன்றைக்கு விட்ட தலையை அவளால் வெளியே எடுக்கவே முடியவில்லை.

கொற்கைப் பக்கத்தில் வயல்காட்டில் பிறந்தவள் அவள். மூட்டையில் கட்டின நெல் உள்ளே ஈரமாக இருக்கிறதா என்று சாக்குக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள் என்று அவள் வீட்டில் பெருமை பேசுவார்கள். அந்த மூக்கு இப்படி வந்து சிறைப்படும் என்று யாருக்குத் தெரியும்? முகத்துக்குப் பவுடர் பூசினால் மோப்பம் கெட்டுவிடும் என்று அதை விட்டாள். வாசனை எண்ணெயை விட்டாள். மல்லிகைப்பூவையும் விட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வெறுங்கொண்டையோடு நின்றாள். "ஏன் பூ வைக்கல?" என்று கேட்கிறவர்களுக்கு, தலைவலி என்பாள். அது முழுப்பொய்யும் இல்லை. வார்னிஷும் தின்னரும் நெற்றிப்பொட்டில் ஏறி ராத்திரிவரை இறங்குவதில்லை.

ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடவேண்டும். நாகர்கோவிலில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற மகளைப் பார்க்கப்போனாலும் அப்படித்தான். சளி பிடித்தால் புருஷன்தான் முதலில் பதறினான், வெந்நீரில் மஞ்சளைப் போட்டுக் கொண்டுவந்து ஆவி பிடி, ஆவி பிடி என்றான். பாசம்தான், இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அவன் பதறுவது தனக்காகவா தன் மூக்குக்காகவா என்று போர்வைக்குள் வியர்த்துக்கொண்டே அவள் யோசித்திருக்கிறாள். அவளுக்குக் கோபம் கோபமாக வரும். அவன் மேல் கோபப்படலாமென்றால், பாவம், அவன் என்ன செய்வான்? அண்ணாச்சி மேல் படலாமென்றால், அவருக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியில் பாத்திரங்கள் மேல் காட்டுவாள்.

இப்படி இருக்கையில்தான் ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை தபாலில் அந்த உத்தரவு வந்தது.

உப்பளங்களை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை. எழுதிப்போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவளே மறந்திருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு ஒன்றிய அலுவலகத்தில் வந்து சேரவேண்டும், தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. காலையில் போனால் பிற்பகல் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும். உச்சிவேளைக்கு ஷெட்டுக்கு வரமுடியாது.

சுடலைராஜ் அதை இரண்டு தடவை படித்தான். "போளா" என்றான். "நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படிப் பாப்பீங்க?"

"எப்படியாவது பாக்கேன்."

அவன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

சந்தனச்செல்வி தனக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இப்போது ஷெட்டில் இருக்கிற ஹில்டா வீட்டுக் கல்யாணச் சாமான் சனிக்கிழமை போய்விட்டால், அடுத்து இரண்டு வாரத்துக்கு எதுவும் ஏற்றுவதற்கில்லை. அதற்குள் சுடலைராஜ் அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொல்லி உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு மூக்கு வேண்டாம், கை இருந்தால் போதும். ஆக, இந்த ஒரு சாமான் ஒழுங்காகப் போகவேண்டும். போனால் திங்கட்கிழமை அவள் விடுதலை.

ஹில்டா கடற்கரைத் தெருக்காரி. அவள் மகள் ரீனாவுக்கும் கப்பலில் வேலை பார்க்கிற ஜெஸ்டினுக்கும் புதன்கிழமை கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, மாப்பிள்ளைக்கோ லீவு முடியப்போகிறது, ஆகவே எல்லாம் அவசரம். மாதாகோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள், அதை ஓலை என்பார்கள். ஹில்டா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் ஓலை வாசித்த அன்று பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற கல்யாணச் சேலையைப் புது அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். கல்யாணத்தன்று காலையில்தான் திறக்கவேண்டும். அதை நனைக்கக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது. அதனால் சனிக்கிழமைக்குள் அலமாரி வந்தாகவேண்டும் என்று ஹில்டா நாலு தடவை போன் போட்டுவிட்டாள்.

கட்டிலும் கண்ணாடி மேசையும் வெள்ளிக்கிழமையே தேறிவிட்டன. அலமாரிதான் பிடிவாதம் பிடித்தது. அந்த வாரம் முழுக்க ஈரக்காற்று, கடைசியாக அடித்த வார்னிஷ் பூச்சு உள்ளே இறுகவே இல்லை.

சனிக்கிழமை உச்சிவேளையில் சந்தனச்செல்வி கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். மூச்சை இழுத்ததும் தொண்டையில் பிடித்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. இன்னும் பத்து நாளாவது வேண்டும்.

வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றிருந்தது. "ஏலே சுடல, கோடு போட்டாச்சா?" என்று முன்பக்கத்திலிருந்து அண்ணாச்சி சத்தம் கொடுத்தார். சுடலைராஜ் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அலமாரிக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் சந்தனச்செல்விக்கு என்னென்னவோ தோன்றியது. இல்லையென்று சொன்னால் ஹில்டா கத்துவாள், அண்ணாச்சி நேரில் வந்து நிற்பார், பத்து நாளைக்குத் தினமும் இங்கே வந்து மோந்து பார்க்கவேண்டும், திங்கட்கிழமை போய்விடும். அதன்பிறகு இன்னொரு அலமாரி வரும், அதற்கப்புறம் இன்னொன்று. சாகிறவரைக்கும் அடுத்தவர் வீட்டுத் துணி வைக்கிற பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

தலையை வெளியே எடுத்தாள். "போயிருச்சு" என்றாள்.

சுடலைராஜ் அவளையே பார்த்தான். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் குனிந்து கோடு போட்டான்.

மூன்று வருஷத்தில் அலமாரி விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போனவள் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருவதற்குள் அது பிடிக்காமல் எடுத்து சாமிப்படத்துக்குப் போட்டாள். ஜன்னலைத் திறந்துவைப்பார்கள், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். ஜன்னலைத் திறக்கலாம், பூட்டின அலமாரியை யார் திறப்பார்கள் என்று அவள் மனசே பதில் சொன்னது. போன் மணி அடித்தபோதெல்லாம் அவளுக்குத் திக்கென்றது.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அடித்தது. அவள் நல்ல சேலை உடுத்தி, சான்றிதழ்களை மஞ்சள்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏலே, கெளம்பிக் கிட்டங்கிக்கு வா, ஒடனே வா" என்ற அண்ணாச்சியின் குரல் அவளுக்கே கேட்டது. பஸ் ஸ்டாப்பும் அதே வழிதான். சுடலைராஜின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அலமாரி திரும்பி வந்து ஷெட்டு வாசலில் நின்றது. பக்கத்தில் ஹில்டா, கையில் ஒரு வெள்ளைத்துணியில் சுற்றின சேலை.

"மந்திரிச்ச சேலை அண்ணாச்சி!" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். "ராத்திரி எம்மவளுக்கு ரூம்ல படுக்க முடியல. என்னமோ ஏதோன்னு வெடியக்காலைல அலமாரியத் தொறந்து பாத்தா இந்த நாத்தம் நாறுது! அலசவும் கூடாது. இதக் கட்டிக்கிட்டு அவ எப்படிப் பீடத்துக்கு முன்னால நிப்பா? சாமியாருக்கே மயக்கம் வந்துரும்!"

அண்ணாச்சி அலமாரியைத் திறந்து முகத்தைச் சுளித்து இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுடலைராஜைப் பார்த்தார். "ஏலே, கோடு போட்டது நீதான? வா. வந்து உள்ள தலைய விட்டுச் சொல்லு."

தலையை விட்டுவிட்டு, ஆமா அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பியிருப்பான். அதைத்தான் சொல்வான் என்று சந்தனச்செல்வி எதிர்பார்த்தாள். அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"விட்டும் புண்ணியமில்ல அண்ணாச்சி" என்றான். "எனக்கு மூக்கு போயி மூணு வருசம் ஆச்சு."

அண்ணாச்சி அலமாரிக் கதவை மூடினார். "அப்போ இத்தன நாளா கோடு போட்டது?"

"எல்லாம் இவ மோந்து சொன்னது. சோத்துவாளியத் தூக்கிட்டு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போவா. இந்தத் தடவ அவளுக்குச் சளி. அவ மேல தப்பில்ல."

ஹில்டா கூடக் கத்துவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிச்சையா அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து வழுக்கைத் தலையைத் தடவினார். அவர் வியாபாரி, கோபத்தையும் யோசித்துத்தான் படுவார். மூன்று வருஷமாக ஒரு புகாரும் வந்ததில்லை என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "இனி ஒளிச்சு வச்சு என்னத்துக்கு? ஏளா, நாளையிலருந்து நீயும் வேலைக்கு வந்துரு. உனக்கும் தனியாச் சம்பளம் போட்டுத் தாரேன். மோந்து பாக்கிறது உன் வேல. அவன் அடிக்கட்டும், நீ கோடு போடு."

சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சந்தனச்செல்விக்குத் தன்னைச் சுற்றி நாலு பக்கமும் பலகை அடித்து மூடுவதுபோல இருந்தது. இதுவரைக்கும் ஒளிந்து செய்தாள், இனிமேல் வெளிப்படையாகச் செய்யவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணாச்சி நல்ல மனுஷன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குச் சளி இல்ல அண்ணாச்சி" என்றாள். "நாத்தம் இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. இன்னைக்குப் பத்து மணிக்கு நான் வேலையில சேரணும். அதுக்காகப் பொய் சொன்னேன். இவங்களுக்குத் தெரியாது."

"அடிப்பாவி!" என்றாள் ஹில்டா.

"எனக்குத் தெரியும்" என்றான் சுடலைராஜ்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"எனக்கு மூக்குதான் போச்சு, கண்ணு இருக்குல்லா. அலமாரிக்குள்ள இருந்து தலைய எடுக்கும்போது இவ கண்ணு செவந்திருந்தா உள்ள வாட இருக்குன்னு அர்த்தம். மூணு வருசமா அதப் பாத்துட்டுத்தான் கோடு போடுதேன். சனிக்கிழம இவ கண்ணுல தண்ணியாக் கொட்டுச்சு. ஆனா போயிருச்சுன்னு சொல்லுதா."

"ஏலே, தெரிஞ்சேவா கோடு போட்ட?" என்று அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"போடலேன்னா இவ அந்த வேலைக்குப் போகமாட்டா அண்ணாச்சி."

முதலில் வாயைத் திறந்தவள் ஹில்டா. அவளுக்கல்லவா நஷ்டம்? "உங்க ரெண்டு பேரு பாசத்துக்கு எம்மவ சேலதான் கெடச்சுதா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

சந்தனச்செல்வி சேலையைக் கையில் வாங்கி, மடிப்பைப் பிரித்து மோந்து பார்த்தாள். "மேலாகத்தான் ஏறியிருக்கு. தண்ணியே வேண்டாம்க்கா. நெழல்ல கொடி கட்டி, மடிப்ப ஒதறி இன்னைக்குப் பூரா காத்தாட விடுங்க. நாளைக்கு ஒரு பெட்டியில ரெண்டு சட்டி கரிய வச்சு, கரி படாம சேலைய மேல வச்சு மூடிருங்க. சாயங்காலம் பாத்தா இருக்காது. நானே வந்து மோந்து..."

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பாரு, மறுபடியும் அதே மோப்பம்.

ஹில்டா சேலையைப் பிடுங்கிக்கொண்டாள். "மோந்து பாக்க நீ எதுக்கு? எங்க வீட்ல எட்டு மூக்கு இருக்கு. அதுல என் மாமியாருக்கு ரெண்டு மூக்கு! போளா, மணி ஒம்போதர ஆவுது. ஆபீஸ்ல உனக்காகக் கதவத் தொறந்து வச்சிக்கிட்டு இருப்பானா?"

சந்தனச்செல்வி அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "போ" என்றான். அவன் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது, அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

அவள் ரோட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தான் சொன்ன பொய் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். அதைச் சுமக்க அவளால் முடிந்திருக்கும். இப்போது அதற்குள்ளே அவனும் வந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாகத் தன் மூக்கை நம்பியிருக்கிறான் என்று நினைத்தாளே, அவன் பார்த்துக்கொண்டிருந்தது தன் கண்ணை. தனக்கு எரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் வா என்றிருக்கிறான். சனிக்கிழமை தெரிந்தேதான் போ என்றும் விட்டிருக்கிறான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, கண்ணுல தூசியா?" என்று கேட்டான்.

ஒன்பது ஐம்பதுக்கு ஒன்றிய அலுவலகத்தில் போய் நின்றாள். சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவேண்டும் என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"சேந்துட்டேன்" என்றாள்.

"சரி" என்றான். "தண்ணி குடிச்சியா?"

"குடிக்கேன்."

அவனுக்கு வேலை இன்னும் இருக்கிறதா என்று தெரிய, போனில் பின்னால் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். லாரிச் சத்தம்தான் கேட்டது. அண்ணாச்சி என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டால் அவள் ஷெட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.